மணற்குழியும் மெத்தையும்

இலங்கையின் வரலாற்றில் 1958ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரத்தை இருவேறு விதமாக நினைவுகூரலாம். அவ்வாரத்தில் டோக்கியோ நகரிலே மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தது. மே 24ஆந் திகதி தொடங்கி ஜூன் 1ஆந் திகதி முடிவுற்ற அவ்விழாவில், உயரம் பாய்தற் போட்டியில் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம் தாண்டி, ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். அதே வாரத்தில் இங்கே நடந்தது என்ன? பொலன்னறுவைப் பண்ணைகளில் உழைத்துக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்பட்டனர். தென்னிலங்கையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மே 27ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. தலைநகரில் வாழ்ந்த தமிழர் அகதிகளாகிக் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். எந்த நாட்டின் கொடியை ஒரு தமிழ் இளைஞன் டோக்கியோவில் உயர ஏற்றுவித்தானோ, அந்த நாட்டில் அவனுடைய இனத்தவர் உடுத்த உடையோடு ஓடிக்கொண்டிருந்தனர்.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பும் ஏறக்குறைய இவ்வாறே நிகழ்ந்தது. 1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதையொட்டிக் கல்லோயாவில், நமது வயல்களுக்கு நீர் தரும் அதே கல்லோயாவில், தமிழர் இரத்தம் சிந்தப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் மெல்போர்ண் ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் சார்பில் பாய்ந்தவர்களுள் எதிர்வீரசிங்கமும் ஒருவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் அவர் பங்குபற்றியிருந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். விளையாட்டோடு நில்லாது அமெரிக்காவிலே உயர்கல்வி கற்று, கலாநிதிப் பட்டமும் பெற்று, 2024 ஏப்ரலில் அந்நாட்டிலேயே காலமானார். அவர் மறைந்தபோது அனுதாபச் செய்திகளுக்குக் குறைவிருக்கவில்லை. அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தங்கத்தை எல்லோரும் மீண்டும் ஒருமுறை உரசிப் பார்த்து வைத்தார்கள்.

அந்தப் புகழுரைகளோடு நாம் இன்னொன்றையும் சேர்க்கப் போவதில்லை. அவர் எங்கே விழுந்தார் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறோம். விந்தையான கேள்வியாகத் தோன்றலாம். உயரம் பாய்பவன் எவ்வளவு உயரம் ஏறினான் என்றுதான் உலகம் கேட்கும். எதன் மேல் இறங்கினான் என்று கேட்பதில்லை. ஆனால் இந்த விளையாட்டின் வரலாறே இறங்குமிடத்தின் வரலாறு என்பது நமது துணிபு. நம் பிள்ளைகளின் தலைவிதியும் அதிலேதான் அடங்கிக் கிடக்கின்றது.

எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாயக் கற்ற காலத்தில், உயரம் பாய்தலுக்கு வேண்டியவை இரண்டு கம்பங்கள், ஒரு குறுக்குத் தடி, கொத்திவிட்ட மணற்குழி ஒன்று, அவ்வளவுதான். கத்தரிபோற் கால்களை மாற்றிப் போட்டுத் தாண்டுவோரும், பக்கவாட்டாகப் புரண்டு தாண்டுவோரும், வயிற்றுப்புறம் தடியை நோக்கியிருக்கக் கவிழ்ந்து தாண்டுவோரும் அக்காலத்தில் இருந்தனர். முறை எதுவாயினும், கீழே வரும்போது காலோ கையோ முதலில் நிலத்தைத் தொடும். எனவே மணல் போதுமாயிருந்தது. மணலோ மரத்தூளோ நிரப்பிய குழியில் விழுந்துதான் உலகத்து வீரரெல்லாம் அன்று பாய்ந்தனர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மாணவன் விழுந்த குழிக்கும், பெரியவிளானில் ஒரு பையன் தானே தோண்டக்கூடிய குழிக்கும் பெரிய பேதம் இருக்கவில்லை. மணலுக்குப் பஞ்சமில்லாத கடற்கரையில் பிறந்த ஏழைப் பிள்ளை, அந்த ஒரு விடயத்திலாவது, பணக்கார நாட்டுப் பிள்ளைக்குச் சமமாக நின்றான்.

1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இந்தச் சமத்துவம் முடிந்தது. டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்க இளைஞர் தடியை நெருங்கும்போது வளைந்து ஓடி, முதுகைத் தடிக்குக் காட்டி எழும்பி, தலை முன்னே செல்ல மல்லாந்து தாண்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரோ 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். சில ஆண்டுகளுக்குள் சிரித்தவர்களின் மாணவர்களும் அவரையே பின்பற்றத் தொடங்கினர். அந்த முறையின் சிறப்பைப் பொறியியல் கற்ற நம் வாசகர் எளிதில் உணர்வர்: உடம்பு வில்போல் வளைந்து தடிக்கு மேலே செல்லும்போது, உடலின் பாரமையம் தடிக்குக் கீழேயே கடந்து போகமுடியும். வேகமாக ஓடிவந்த வளைவு, உடம்பைத் தானாகவே சுழற்றிவிடும். ஆக, அதே வலுவைக் கொண்டு இன்னும் சில அங்குலம் கூடுதலாகத் தாண்டலாம். ஆனால் முடிவில் விழுவது முதுகிலும் தோளிலும். மணற்குழியில் ஆறடி உயரத்திலிருந்து கழுத்தும் தோளும் மோத விழுந்தவன் மறுமுறை பாய எழும்பமாட்டான். அந்தப் பாய்ச்சலைப் பிறப்பித்தது பொஸ்பரியின் துணிவு மட்டுமன்று. அக்காலத்தில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு வரத் தொடங்கியிருந்த பஞ்சுபோன்ற மென்மெத்தையுந்தான்.

இன்று பெரும் போட்டிகளுக்கு விதிக்கப்பட்ட மெத்தை ஆறு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், எழுபது சென்ரிமீற்றர் உயரம். சிறிய போட்டிகளுக்கு இதனிலும் குறைந்த அளவுகளை ஏற்றுக்கொள்கிறார்கள். இதுதான் இன்றைய உயரம் பாய்தலின் நுழைவாயில். மெத்தை இருந்தால் பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் முப்பது தரம் விழுந்து, முப்பது தரம் எழுந்து, பிழையைத் திருத்திக்கொள்ளும். மெத்தை இல்லையென்றால் பாட்டன் காலத்துக் கத்தரிப் பாய்ச்சலோடு நிற்கவேண்டும்; வலய மட்டப் போட்டிக்குப் போய், அங்கே மற்றொரு பள்ளி மாணவன் மல்லாந்து பறப்பதைப் பார்த்து, திகைத்து, திரும்பி வரவேண்டும். ஓட்டத்துக்குத் தெரு போதும். நீந்துவதற்குக் கடல் உண்டு. உயரம் பாய்தலோ ஒரு பொருளை வாங்கி வைத்தாலன்றித் தொடங்கவே முடியாத விளையாட்டாக மாறிவிட்டது. அந்தப் பொருளை வாங்குவது யார், எந்தப் பள்ளிக்கு வாங்குவது என்பவை அரசியற் கேள்விகள். ஆகவேதான் அரசியற் பத்திரிகையில் இதனை எழுதுகிறோம்.

கணக்கை வேறொரு வகையாகவும் போட்டுப் பார்க்கலாம். எதிர்வீரசிங்கம் டோக்கியோவில் 2.03 மீற்றர் தாண்டியபோது உலக சாதனை, சோவியத் வீரர் ஸ்டெபானோவ் 1957இல் நிலைநாட்டிய 2.16 மீற்றர். இடைவெளி பதின்மூன்று சென்ரிமீற்றர். கியூபா நாட்டின் சொட்டோமேயர் 1993இல் 2.45 மீற்றர் தாண்டினார். 2004இல் நம் நாட்டின் மஞ்சுள குமார 2.27 மீற்றர் பாய்ந்தார், இடைவெளி பதினெட்டு. 2021இல் உஷான் திவங்க பெரேரா 2.30 மீற்றர் பாய்ந்து அச்சாதனையை முறியடித்தார், இடைவெளி பதினைந்து. மஞ்சுளவும் உஷானும் சிங்களக் கிராமங்களின் பெருமை மட்டுமல்லர். அவர்களுடைய உழைப்பை நாமும் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் அறுபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தும், உலகுக்கும் நமக்கும் இடையில் இருந்த தூரம் குறையவில்லையென்பதே இந்த எண்கள் காட்டும் உண்மை. இன்னுமொன்று: உஷான் 2.30 மீற்றரைத் தாண்டியது இலங்கையில் அன்று. அமெரிக்காவின் டெக்சாசில், அங்கே பல்கலைக்கழக மாணவராய் இருந்தபோது. எதிர்வீரசிங்கமும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். விதை இங்கே முளைக்கிறது. கதிர் முற்றுவதற்குக் கடல் கடக்கவேண்டியிருக்கிறது. இதனைப் பெருமையென்று கொள்வதா, வெட்கமென்று கொள்வதா?

இந்தியாவில் நிலைமை வேறென்று யாரும் எண்ணவேண்டாம். டில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், 2018இல் 2.29 மீற்றர் பாய்ந்து இந்திய சாதனை படைத்தார். அதுவும் அமெரிக்க மண்ணிலேதான், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவராக. 2022இல் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்கு இந்திய அணியைத் தேர்ந்தபோது, தகுதிக்குரிய உயரத்தை அவர் அமெரிக்கப் போட்டியில் தாண்டியிருந்தும், உள்நாட்டுத் தேர்வுப் போட்டியில் கலந்துகொள்ளவில்லையென்று காரணங்காட்டி அவரை ஒதுக்கிவிட்டனர். அவர் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. கடைசி வேளையில் சேர்த்துக்கொள்ளப்பட்டுப் பர்மிங்காம் சென்றவர், 2.22 மீற்றர் தாண்டி வெண்கலம் பெற்றார். பொதுநலவாய விழாக்களில் உயரம் பாய்தலில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அதுவே. நான்கு மீற்றர் நீளத் தடியைத் தாண்டுவதிலும், ஒரு முழ நீளக் காகிதத்தைத் தாண்டுவது அந்த இளைஞனுக்குக் கடினமாயிருந்தது போலும்!

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் கதை நம் வாசகர் பலர் அறிந்ததே. ஐந்து வயதில் பேருந்தொன்று அவருடைய வலது காலை நசுக்கியது. தாயார் கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். 2016இல் ரியோ பராலிம்பிக்கில் 1.89 மீற்றர் பாய்ந்து தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் வென்றார். ரியோவில் வென்ற பின்னர் தமிழ்நாட்டு அரசு இரண்டு கோடி ரூபா பரிசளித்தது. பரிசைக் குறைகூறவில்லை, அந்தத் தாய்க்கு அது உரியதே. ஆயினும் வென்றவனுக்குக் கொடுக்கும் கோடியைவிட, வெல்வதற்கு முன்னே ஆயிரம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மெத்தை மலிவானது என்பதை அரசுகள் எக்காலத்தும் ஒப்புக்கொள்வதில்லை. மெத்தைக்கு மாலை சூட்டிப் படம் எடுக்க முடியாதல்லவா?

இனி நம் ஊருக்கு வருவோம். மருதமுனை தறியோசையில் வளர்ந்த ஊர். சாரமும் சேலையும் நெய்து நாடெங்கும் அனுப்பிய ஊர். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்து உயிர்களையும் வீடுகளையும் தறிகளையும் அள்ளிக்கொண்டு போனபின்பும் எழுந்து நின்ற ஊர். இங்கே அல்-மனாரும் ஷம்ஸும் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகள் உண்டு. தமிழரசுக் கட்சியின் சார்பில் செனற் சபையில் அமர்ந்த மசூர் மௌலானா அவர்களின் பெயரைத் தாங்கிய விளையாட்டு மைதானமும் உண்டு. ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கின்றன. இல்லங்களை அலங்கரிப்பதற்குச் செலவிடும் பணத்துக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. வாசலில் கோட்டையும் கப்பலும் எழும்புகின்றன. நம் பிள்ளைகளின் கைவண்ணத்தை நாமும் வியந்து பார்க்கிறோம். ஆனால் உயரம் பாய்தலின் மூலைக்குச் சென்று, அங்கே தடியின் மறுபக்கத்தில் என்ன இருக்கின்றது என்று பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர்?

அதிகாரிகளை நாம் முதலில் கேட்பது பணமன்று, கணக்கு. கல்முனைக் கல்வி வலயத்திலே எத்தனை பள்ளிகளில் விதிக்கேற்ற பாய்ச்சல் மெத்தை உண்டு, அவற்றுள் எத்தனை பாவிக்கத்தக்க நிலையில் உள்ளன, உயரம் பாய்தலைக் கற்பிக்கப் பயிற்சிபெற்ற ஆசிரியர் எத்தனை பேர் என்பதை வலயக் கல்வி அலுவலகம் வெளியிடட்டும். கொழும்பு வலயத்தின் கணக்கையும் கல்வியமைச்சு அதற்குப் பக்கத்தில் வைக்கட்டும். இரண்டு பத்திகளும் சமமாயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. நாமே முன்வந்து பாராட்டுவோம். தேசியப் பள்ளிகள் மத்திய அரசின் கையிலும் ஏனையவை மாகாணத்தின் கையிலும் இருப்பதால், கேட்கப் போனால் ஒருவர் மற்றவரைக் காட்டுவது வழக்கம். கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தபின், ஆண்டுக்கணக்கில் மக்கள் தெரிவுசெய்த சபையின்றியே மாகாணம் ஆளப்பட்டது. கேள்வி கேட்கும் உறுப்பினனே இல்லாத சபையில் மெத்தையைப் பற்றிக் கேட்பவர் யார்?

விவசாயப் பெருமக்கள் இங்கே ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும். நெல்லுக்கு நியாய விலையில்லை. பசளை வேண்டும் நேரத்தில் கிடைப்பதில்லை. யானை வேலியை உடைத்துக்கொண்டு வருகிறது. இவற்றையெல்லாம் விட்டு, பையன்கள் தாண்டிக் குதிப்பதற்கு மெத்தை கேட்கிறீர்களே என்பர். நியாயமான கேள்வி. ஆனால் வயலுக்கு நீர் கேட்பவன், பிள்ளைக்குப் புத்தகம் கேட்பதை நிறுத்திவிடுவதில்லையே. கல்லோயா நீர் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, கடைமடைக்கு எப்போது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மக்கள் நாம். மெத்தையும் அதே கேள்விதான். தலைமடையில் உள்ளவனுக்குத் தாராளமாகவும் கடைமடையில் உள்ளவனுக்குச் சொட்டுச் சொட்டாகவும் வருகின்ற ஒவ்வொன்றையும் பற்றி, வரிசையை எதிர்பார்த்திராமல், ஒரே வேளையில் கேட்க வேண்டியவர்களாக நம்மை வைத்திருக்கிறார்கள். அது நம் குற்றமன்று.

உத்தியோகத்தரும் வைத்தியரும் பொறியியலாளருமாகிய வாசகருக்கு வேறொரு சொல். உங்களில் பலர் பத்தாம் வகுப்போடு விளையாட்டை விட்டவர்கள், விடுமாறு சொல்லப்பட்டவர்கள். பரீட்சைக்கும் பாய்ச்சலுக்கும் பகையென்று இந்தச் சமூகம் நம்புகிறது. எதிர்வீரசிங்கம் மூன்று கண்டங்களில் பாய்ந்தார், கலாநிதியும் ஆனார். பகை எங்கே இருந்தது? டியூசன் வகுப்புக்குப் பிள்ளையை மாலை நான்கு மணிக்கு அனுப்பி ஒன்பது மணிக்கு அழைத்து வருவதில்தான் பகை இருக்கிறது. பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னும் மோசம். அவர்களுக்கு மறைவான இடமும் பெண் பயிற்றுநரும் ஏற்படுத்திக் கொடுப்பது முடியாத காரியமன்று. மனம் இல்லாத காரியம்.

நம் இளைஞர் தொழில் தேடிச் செல்லும் கத்தாரைப் பாருங்கள். நிலப்பரப்பில் நம் கிழக்கு மாகாணத்தைவிட வெகு பெரிதன்று. அந்நாட்டு முஃதஸ் ஈசா பர்ஷிம் 2017, 2019, 2022 ஆகிய மூன்று உலக மெய்வல்லுநர் போட்டிகளில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். எண்ணெய்ப் பணமும் எரிவாயுப் பணமும் இருந்தால் எல்லாம் ஆகுமென்று சொல்லிவிடலாம். பணம் பல நாடுகளிடம் உண்டு. அவர்கள் விளையாட்டுக்கென்றே ஒரு கல்லூரியை நிறுவினர். அங்கே பயின்ற பையனுக்குப் போலந்து நாட்டுப் பயிற்றுநர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பயிற்சியளித்தார். இரண்டும் திட்டமிட்ட காரியங்கள்.

அதே பர்ஷிமைப் பற்றி இன்னொரு செய்தி. 2020க்குரிய டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடைபெற்றபோது, பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீற்றரைத் தாண்டினர், 2.39இல் இருவரும் மும்முறை தவறினர். இனி ஒருவர் தோற்கும்வரை பாயலாம், அல்லது பதக்கத்தைப் பகிரலாம் என்று நடுவர் கூறியபோது, பகிர்ந்துகொள்ள இருவரும் இணங்கினர். இருவருக்கும் முழுத் தங்கம். மூன்றாண்டுகளின் பின் பாரிஸில் இதே நிலை வந்தது, நியூசிலாந்தின் ஹாமிஷ் கேரும் அமெரிக்காவின் மக்யூவனும் பகிர விரும்பாது மேலும் பாய்ந்தனர், கேர் வென்றார். அதுவும் வீரருக்குரிய முடிவுதான், குறைசொல்ல இடமில்லை. விளையாட்டின் விதி இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது, தெரிவு செய்பவர் போட்டியிடுபவரே.

கல்முனையில் நமக்கு இந்தத் தெரிவு பல காலமாகத் தரப்பட்டிருக்கிறது. வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு, நடுவில் மருதமுனை. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மணிமாலைபோல் ஒரே வீதியில் கோக்கப்பட்ட கரை இது. பிரதேச செயலகத்தின் எல்லை பற்றிய பிணக்கில் இரு தரப்பும் மும்முறையல்ல, முந்நூறு முறை தவறியாயிற்று. அப்பிணக்கை இந்தக் கட்டுரையில் தீர்க்க நாம் முயலவில்லை. அதற்கு நிலப்படமும் சட்டமும் நிதானமான மனிதரும் வேண்டும். ஆனால் அது தீரும்வரை பிள்ளைகள் வளராமல் நிற்கமாட்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி மெத்தை இப்போதைக்குக் கிட்டாதென்றால், இந்தக் கரைக்கு ஒன்றாவது வரட்டும். அதில் பாண்டிருப்புப் பையனும் மருதமுனைப் பையனும் மாறி மாறி விழட்டும். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லைத் தேர்தல் மேடைகளில் நெடுங்காலம் கேட்டுவிட்டோம். அச்சொல்லுக்கு ஆறு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் உள்ள ஓர் இடமாவது இருக்கட்டுமே.

அரசு அசையும்வரை கைகட்டி இருக்கவேண்டுமென்பதும் நம் கருத்தன்று. வெளிநாடுகளில் உழைக்கும் ஊரவர், பழைய மாணவர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், பள்ளிவாசல் நிருவாகிகள், ஆலய பரிபாலன சபையினர், விவசாய அமைப்புகள் ஆகியோர் ஆண்டுதோறும் வழங்கும் கேடயங்களையும் கிண்ணங்களையும் ஓராண்டு நிறுத்திவைத்தாலே தொடக்கத்துக்குப் போதிய தொகை சேரும். ஆனால் வாங்குவது பாதி வேலை. நம் கரையில் உப்புக்காற்று இரும்புக் கம்பத்தைத் தின்னும். வெயில் மெத்தையின் மேலுறையைக் கிழிக்கும். மாரி மழை ஊறினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். கூரையிட்ட கொட்டகையும், நிலத்தோடு படாமல் மெத்தையை உயர்த்தி வைக்கும் பலகைத் தளமும், சில்லுவைத்துத் தள்ளிக் கொண்டுபோகும் வசதியும் அதே மதிப்பீட்டில் அடங்கவேண்டும். பயிற்றுநரின் சம்பளத்துக்கும் வழி கண்ட பின்னரே திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கவேண்டும்.

கொட்டகையின் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வைக்க வேண்டும். அதிபரின் அலுமாரியில் அது வேண்டாம். அரசியல்வாதியின் இணைப்பாளரிடம் வேண்டவே வேண்டாம். அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை, பயிற்றுநரின் கையில் அது இருக்கட்டும்.